வெல்வெட்டும் அவள் குதிரையும்: நோயுற்ற குழந்தையின் அருகமர்ந்து சொல்ல ஒரு கதை

நெடுநாள் மருத்துவமனையில் தங்க நேரும் குழந்தைக்கு மருந்து, உணவு, உறக்கம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாகத் தேவைப்படுவது கதை. காலையில் மருத்துவர் பார்த்துச் சென்ற பின், மாலையில் உறவினர் வந்து சேரும் வரை நீளும் பொழுது பெரியவர்களுக்கே சுமையாக இருக்கிறது. பத்து வயதுக் குழந்தைக்கு அது எத்துணை நீண்டதாகத் தோன்றும் என்பதைப் படுக்கையருகில் அமர்ந்திருக்கும் பெற்றோர் நன்கறிவர். அத்தகைய பொழுதுக்கென ஒரு கதையை இவ்விதழில் அறிமுகப்படுத்த விரும்புகிறோம். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்திக்கும் ஒரு முரட்டுக் குதிரைக்கும் இடையே வளர்ந்த அன்பைக் கூறும் 'நேஷனல் வெல்வெட்' என்னும் ஆங்கிலப் புதினமே அது. எழுதியவர் ஈனிட் பாக்னால்டு. வெளிவந்த ஆண்டு 1935.

குதிரைக் கதைகள் எத்தனையோ இருக்க இதனைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. இக்கதையின் நாயகி உடல் வலிமை மிக்கவள் அல்லள். இதனை எழுதியவரோ ஒரு காலத்தில் நம்மைப் போன்றே மருத்துவமனை ஒன்றில் நோயாளரிடையே பணியாற்றியவர். நோயும் மருத்துவமனையும் என்னவென்று அறிந்தவர் கையிலிருந்து பிறந்த கதை என்பதால், இது நம் வாசகர்களுக்கு உரியது எனக் கருதுகிறோம்.

கதைச் சுருக்கம்

இங்கிலாந்தின் தென்கடற்கரையில் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில் இறைச்சிக்கடை நடத்துபவர் பிரவுன். அவருக்கு எட்வினா, மல்வோலியா, மெரிடித், வெல்வெட் என நான்கு பெண்கள். டொனால்டு என்னும் நான்கு வயதுச் சிறுவனும் உண்டு. பெண்களுள் இளையவள் வெல்வெட். அவள் மெலிந்த உடலினள். முன்துருத்திய பற்களை நேராக்குவதற்கென வாயில் பல்தட்டு அணிந்தவள். மனம் பரபரப்படைந்தால் வயிறு புரண்டு வாந்தி எடுப்பவள். ஆயினும் அவள் நெஞ்சில் நிறைந்திருப்பவை குதிரைகள் மட்டுமே. இதழ்களில் வரும் குதிரைப் படங்களைக் கத்தரித்து ஒரு பேழையில் சேர்த்து வைத்திருக்கிறாள். அவற்றுக்குப் பெயர் இட்டு, நூலால் கடிவாளம் பூட்டி, அவற்றின் மீது தான் ஏறிச் செல்வதாக எண்ணிப் புல்வெளியில் ஓடுகிறாள்.

அவ்வூரில் உழவர் ஒருவரிடம் கருப்பும் வெள்ளையும் திட்டுத் திட்டாக அமைந்த குதிரை ஒன்று இருந்தது. எத்துணை உயர்ந்த சுவரானாலும் தாண்டி ஓடிவிடுவது அதன் இயல்பு. அதனைக் கட்டிக் காக்க இயலாத உரிமையாளர், ஒரு ஷில்லிங் விலையில் சீட்டு விற்றுக் குலுக்கலில் அதனைக் கொடுத்துவிட முடிவு செய்கிறார். குலுக்கலில் அக்குதிரை வெல்வெட்டுக்கு விழுகிறது. இருநிறக் குதிரையைக் குறிக்கும் 'பைபால்டு' என்னும் ஆங்கிலச் சொல்லைச் சுருக்கி அதனைப் 'பை' என அழைக்கின்றனர். இதற்கிடையே, அண்டையில் வாழ்ந்த செல்வந்தரான முதியவர் ஒருவர் தம் ஐந்து குதிரைகளையும் வெல்வெட்டுக்கே எழுதி வைத்துவிட்டு மறைகிறார். தாளில் வெட்டிய குதிரைகளோடு விளையாடிய சிறுமியின் வீட்டுத் தொழுவம் உயிருள்ள குதிரைகளால் நிறைகிறது.

ஊர்ச் சுவர்களை எளிதாகத் தாண்டும் இக்குதிரை, நாட்டின் மிகக் கடுமையான தடைதாண்டும் பந்தயத்திலும் ஓடக்கூடியது என்னும் எண்ணம் வெல்வெட்டின் உள்ளத்தில் வேர்விடுகிறது. லிவர்பூல் நகரை அடுத்த ஐன்ட்ரீ திடலில் ஆண்டுதோறும் நடைபெறும் 'கிராண்ட் நேஷனல்' பந்தயமே அது. நான்கு மைல்களுக்கு மேற்பட்ட தொலைவு; 30 தாண்டல்கள்; கீழே விழும் குதிரைகளும் வீரர்களும் பலர். அக்காலத்தில் அப்பந்தயத்தில் பெண்கள் ஏறுவதற்கு இடமில்லை. இறைச்சிக்கடையில் உதவியாளனாக இருக்கும் 'மை' டெய்லர் என்னும் இளைஞன், தான் குதிரை ஏறுபவன் அல்லன் எனினும், பந்தய உலகின் நடைமுறைகளை நன்கறிந்தவன். அவன் துணையுடன் வெல்வெட் தலைமுடியை வெட்டிக்கொண்டு, வெளிநாட்டு இளைஞன் ஒருவனின் பெயரில் பந்தயத்தில் இறங்குகிறாள்.

அவள் முதலாவதாக வருகிறாள். ஆனால் எல்லைக் கோட்டைக் கடந்த பின் களைப்பு மிகுந்து சேணத்திலிருந்து சரிந்து விழுகிறாள். அவளைத் தூக்கிச் சென்று பரிசோதிக்கும் மருத்துவர், அவள் பெண் என்பதைக் கண்டறிகிறார். வெற்றி செல்லாததாகிறது, விசாரணை நடக்கிறது. செய்தித்தாள்கள் அவளை மொய்க்கின்றன. புகழின் ஆரவாரம் சில நாள் வீட்டையே புரட்டிப் போடுகிறது, பின்னர் தணிகிறது. வெல்வெட் மீண்டும் தன் வீட்டுக்கும் தன் குதிரைகளுக்கும் உரியவளாகிறாள்.

மெலிந்த உடலும் பெரிய விருப்பமும்

மேலோட்டமாகப் பார்த்தால் இது வெற்றிக் கதை. ஊன்றிப் படிப்போர்க்கு வேறொன்று புலப்படும். வெல்வெட் எந்த இடத்திலும் உடல் வலிமையால் வெல்வதில்லை. பந்தயத்துக்கு முன்னும் அவள் வயிறு புரள்கிறது. அவள் குமட்டல் எந்த அற்புதத்தாலும் நீங்குவதில்லை. வாந்தி எடுப்பவளாகவே, பல்தட்டு அணிந்தவளாகவே அவள் தான் விரும்பியதைச் செய்கிறாள். நூலாசிரியர் அவள் உடற்குறைகளை மறைக்கவில்லை. அவற்றுக்காக இரங்கும்படி நம்மை வற்புறுத்தவும் இல்லை. வீட்டாரும் அவற்றை அன்றாட நிகழ்ச்சிகளாகவே ஏற்றுக்கொள்கின்றனர்.

மருந்தின் விளைவால் நாள்தோறும் குமட்டலுக்கு ஆளாகும் குழந்தைக்கு இத்தகைய நாயகி அரியவள். கதைகளில் வரும் நோயுற்ற குழந்தைகள் பெரும்பாலும் இரு வகையினராகவே அமைகின்றனர். ஒன்று, எல்லாத் துன்பத்தையும் புன்னகையோடு தாங்கி மற்றவர்க்குப் பாடமாக நிற்கும் பொறுமைசாலிக் குழந்தை. மற்றொன்று, இறுதி அத்தியாயத்தில் திடீரென எழுந்து ஓடும் குழந்தை. நம் பிரிவுகளில் உள்ள குழந்தைகள் இவ்விரு வகையிலும் அடங்குவதில்லை. அவர்களுக்குச் சில நாள் கோபம் வருகிறது. சில நாள் எதுவும் வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்கின்றனர். சில நாள் நோயை மறந்து விளையாட்டுப் பேச்சில் ஆழ்கின்றனர். வெல்வெட்டும் அத்தகையவளே.

அவள் தாள் குதிரைகளைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். உண்மைக் குதிரை கிடைக்கும் முன்னரே, அவள் தாளில் வெட்டிய குதிரையோடு முழு மனத்துடன் வாழ்கிறாள். எதற்கு உணவு வேண்டும், எது களைத்திருக்கிறது, எதற்குக் கால் நோகிறது என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். படுக்கையை விட்டு நகர இயலாத குழந்தைகள் போர்வை மடிப்புகளை மலைகளாக்கி, மாத்திரை அட்டையை வண்டியாக்கி விளையாடுவதை நாங்கள் நாள்தோறும் காண்கிறோம். அது வீண்பொழுது அன்று. தன் உடலின் மீது தனக்கே அதிகாரம் இல்லாத இடத்தில், குழந்தை தான் ஆளக்கூடிய ஓர் உலகை அமைத்துக்கொள்கிறது. ஊசி போடவோ இரத்த அழுத்தம் பார்க்கவோ செல்லும்போது, அவ்வுலகை ஒரு கணம் மதித்து, 'இந்தக் குதிரையைச் சற்று ஓரமாகக் கட்டலாமா?' என்று கேட்கும் செவிலியரைக் குழந்தைகள் மறப்பதில்லை.

குதிரை என்ன தருகிறது?

வெல்வெட்டுக்கும் அவள் குதிரைக்கும் இடையே உள்ள உறவு இனிப்பான சொற்களால் ஆனதன்று. குதிரை பேசுவதில்லை, அவள் எண்ணங்களை மந்திரம் போல் அறிந்துகொள்வதும் இல்லை. அதற்குத் தன் விருப்பம் உண்டு, அச்சம் உண்டு. அதன் உடலசைவைக் கூர்ந்து கவனித்தே அவள் அதனைப் புரிந்துகொள்கிறாள். குதிரை தன் மேல் உள்ளவரின் நடுக்கத்தையும் அமைதியையும் சேணத்தின் வழியாகவே உணரக்கூடியது. எனவே குதிரையை அமைதிப்படுத்த விரும்புபவர் முதலில் தம் மூச்சை அமைதிப்படுத்த வேண்டும்.

இது நோயாளரைப் பேணுவோர்க்கும் பொருந்தும் உண்மை. பேச இயலாத சிறு குழந்தையைப் பேணும் தாயும் செவிலியும் இதே வகையான கவனத்தால்தான் செயல்படுகின்றனர். முகம் சுருங்குவது, கை இறுகுவது, மூச்சு விரைவது ஆகியவையே அங்கு மொழி. தாய் அஞ்சினால் குழந்தையும் அஞ்சுகிறது. தாய் நிலைபெற்றால் குழந்தையும் ஓரளவு நிலைபெறுகிறது. இதனைப் பெற்றோர் மீது குற்றமாகச் சுமத்தும் நோக்கம் எங்களுக்கு இல்லை. அஞ்சாதிருப்பது எளிதன்று. குழந்தையின் அருகே செல்லும் முன் நடைவழியில் சற்று நின்று மூச்சை ஆற்றிக்கொள்வது பயன் தரும் என்பதை மட்டும் சொல்ல விரும்புகிறோம்.

தாயின் பங்கு

இப்புதினத்தில் எங்கள் உள்ளத்தை மிகவும் கவர்ந்தவர் வெல்வெட்டின் தாய். அவர் இளமையில் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடந்தவர். இப்போது பருத்த உடலுடன், அதிகம் பேசாமல், குடும்பக் கணக்கையும் அடுப்படியையும் கவனித்து வருகிறார். மகளின் எண்ணம் தெரிய வந்தபோது அவர் அலறவில்லை. 'உனக்கு எதற்கு இது' என்று தடுக்கவும் இல்லை. தாம் நீந்திப் பெற்று இத்தனை ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த தங்க நாணயங்களை எடுத்துப் பந்தயக் கட்டணத்துக்கெனக் கொடுக்கிறார்.

மகள் ஆபத்தில் இறங்குகிறாள் என்பதை அவர் அறியாதவர் அல்லர். தண்ணீரின் குளிரையும் இருளையும் தம் உடலாலேயே அறிந்தவர் அவர். மனிதர்க்கு வாழ்வில் ஒருமுறை இத்தகைய பெரிய விருப்பம் வரும். அதற்குரிய காலம் கடந்தால் திரும்பாது என்பதே அவர் நிலைப்பாடு. வெற்றிக்குப் பின் புகழ் வீட்டுக்குள் வெள்ளமாய்ப் புகும்போது, அதே தாய்தான் மகளைச் சூழ்ந்து காக்கிறார்.

நோயுற்ற குழந்தையின் பெற்றோர்க்கு இவ்விடம் எளிதானதன்று. சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் குழந்தை மீண்டும் மிதிவண்டி ஏறலாமா, பள்ளிச் சுற்றுலாவுக்குச் செல்லலாமா, மழையில் நனையலாமா என்னும் வினாக்கள் புறநோயாளர் பிரிவில் நாள்தோறும் எழுகின்றன. காப்பதற்கும் கட்டிப்போடுவதற்கும் இடையே உள்ள கோடு மெல்லியது. எதற்கு இசையலாம், எதற்கு இசையக் கூடாது என்பதை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஆனால் அக்கேள்வியைக் கேட்கும்போது 'இவள் எதையெல்லாம் செய்யக்கூடாது?' என்பதோடு, 'எதையெல்லாம் செய்யலாம்?' என்றும் கேளுங்கள். இரண்டாவது வினாவுக்கான விடையைக் குழந்தையின் முன்னிலையிலேயே கேளுங்கள்.

எழுதியவரின் மருத்துவமனை நாள்கள்

ஈனிட் பாக்னால்டு 1889-இல் பிறந்தார். முதல் உலகப்போர்க் காலத்தில், லண்டனை அடுத்த வுலிச்சில் இருந்த ராயல் ஹெர்பர்ட் மருத்துவமனையில் தன்னார்வச் செவிலி உதவியாளராகப் பணியாற்றினார். ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கருத்துகளைத் தழுவிக் கட்டப்பட்டு 1865-இல் திறக்கப்பட்ட படைவீரர் மருத்துவமனை அது. போர்முனையிலிருந்து வந்த காயமுற்றோர் அதன் கூடங்களில் நிறைந்திருந்தனர். அங்கே தாம் கண்டவற்றை, தேதி குறிக்காத நாட்குறிப்பாக எழுதி 1918-இல் நூலாக வெளியிட்டார். 'எ டைரி விதவுட் டேட்ஸ்' என்பது அதன் பெயர்.

அந்நூலில் வீரச்செயல்கள் இல்லை. உணவுத் தட்டுகளை வரிசையாக அடுக்குவது, மாலை நேரத்துக் கூடத்தின் அமைதி, அருகிலேயே நின்றும் பிறர் வலியை முழுதும் அறிய முடியாத இயலாமை, ஒழுங்குமுறையின் பெயரால் நோயாளரோடு நெருங்கிப் பேசத் தயங்கும் சூழல் ஆகியவற்றை அவர் எழுதினார். மருத்துவமனை நிருவாகம் அதனை விரும்பவில்லை. நூல் வெளியானதும் அவர் பணியிலிருந்து நீக்கப்பட்டார். பின்னர் பிரான்சுக்குச் சென்று போர் வண்டிகளை ஓட்டும் பணியில் சேர்ந்தார்.

நூறு ஆண்டுகளுக்கு முந்தைய இச்செய்தியை ஒரு மருத்துவமனை இதழில் குறிப்பிடுவது பொருத்தமே எனக் கருதுகிறோம். வலியைப் பற்றி நோயாளரும் அவர்தம் உறவினரும் பணியாளரும் வெளிப்படையாகப் பேச இடமளிப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்பது இன்று பொதுவாக ஏற்கப்பட்டுள்ளது. வலி எவ்வளவு என்று குழந்தையிடமே கேட்பதும், முகப் படங்களைக் காட்டி அதனைச் சுட்டச் சொல்வதும் இன்று வழக்கமாகிவிட்டன. உங்கள் குழந்தையின் வலியோ அச்சமோ போதிய அளவு கவனிக்கப்படவில்லை என்று நீங்கள் எண்ணினால், தயங்காமல் எங்களிடம் கூறுங்கள். அது குறை கூறுதல் ஆகாது. எங்களுக்குச் செய்யும் உதவி.

பாக்னால்டு 1920-இல் ரோடரிக் ஜோன்ஸ் என்பவரை மணந்து, சசெக்ஸ் கடற்கரையில் ராட்டிங்டீன் என்னும் ஊரில் குடியேறினார். அவருடைய பிள்ளைகளும் குதிரைகளோடு வளர்ந்தனர். 'நேஷனல் வெல்வெட்' நூலுக்குப் படங்கள் வரைந்தவர் அவர் மகள் லாரியன். அப்போது அவர் பதின்ம வயதின் தொடக்கத்தில் இருந்தார். ஒரு சிறுமி வரைந்த குதிரைகள் ஒரு சிறுமியின் கதைக்கு அணியாக அமைந்தன.

படுக்கையில் எழுதப்பட்ட மற்றொரு கதை

குதிரைக் கதை என்றதும் உலகமே நினைவுகூரும் மற்றொரு நூல் 'பிளாக் பியூட்டி'. அதனை எழுதிய அன்னா சூவெல் 1820-இல் இங்கிலாந்தில் பிறந்தவர். பதினான்கு வயதில், பள்ளியிலிருந்து வீடு திரும்பும் வழியில் விழுந்து கணுக்கால்களில் காயமுற்றார். அதன் பின் வாழ்நாள் முழுவதும் அவரால் நெடுநேரம் நிற்கவோ நடக்கவோ இயலவில்லை. வெளியே செல்வதற்குக் குதிரை வண்டியே அவருக்குக் கால்களாயிற்று. தம்மைச் சுமந்து சென்ற குதிரைகளைக் கூர்ந்து கவனிக்க அவருக்கு நிறைய நேரம் இருந்தது. அவை எவ்வாறு நடத்தப்படுகின்றன என்பதையும் கண்டார்.

1871-க்கும் 1877-க்கும் இடையே, நோய் முற்றிப் படுக்கையிலும் சாய்விருக்கையிலும் கிடந்த நிலையில் அவர் அந்நூலை எழுதினார். சிறு தாள்களில் அவர் பென்சிலால் எழுதியதை அவருடைய தாய் படியெடுத்தார். நூல் 1877-இன் இறுதியில் வெளிவந்தது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் அவர் காலமானார். குதிரையே தன் வாழ்க்கையைச் சொல்வதாக அமைந்த அக்கதை, குதிரையின் தலையை எப்போதும் நிமிர்த்தியே வைத்திருக்கும் கொடிய கடிவாள வாரை மக்கள் வெறுக்கச் செய்ததில் பெரும்பங்கு வகித்தது. நடக்க இயலாத ஒருவர் படுக்கையிலிருந்தபடியே பிற உயிர்களின் வலியைக் குறைத்தார் என்பது நம் வாசகர்கள் அறிய வேண்டிய செய்தி.

கதைக்கு வெளியே நிகழ்ந்தவை

வெல்வெட்டின் வெற்றி கற்பனை. ஆனால் காலம் அக்கற்பனையைத் தொடர்ந்து சென்றது. பிரிட்டனில் 1975-இல் பால் வேறுபாட்டுத் தடைச் சட்டம் நிறைவேறியது. 1977-இல் சார்லட் புரூ என்னும் பெண், தம் குதிரையுடன் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் முதன்முதலாக ஓடினார். இறுதித் தடைகள் நெருங்கிய வேளையில் குதிரை தாண்ட மறுத்துவிட்டதால் அவரால் முடிக்க இயலவில்லை. 1982-இல் ஜெரால்டின் ரீஸ் பந்தயத்தை முழுமையாக முடித்த முதற்பெண் ஆனார். 2021 ஏப்ரலில் அயர்லாந்தைச் சேர்ந்த ரேச்சல் பிளாக்மோர், 'மினெல்லா டைம்ஸ்' என்னும் குதிரையின் மீது வந்து வெற்றி பெற்றார். புதினம் வெளியாகி 86 ஆண்டுகள் கடந்திருந்தன. பெருந்தொற்றின் காரணமாக அன்று திடலில் பார்வையாளர் கூட்டம் இல்லை. புதினத்தின் சிறுமியைச் சூழ்ந்த ஆரவாரம் இன்றியே உண்மை வெற்றி நிகழ்ந்தது.

நோயுற்றோர்க்கு இன்னும் நெருக்கமான வரலாறு டென்மார்க்கைச் சேர்ந்த லிஸ் ஹார்ட்டெலுடையது. தேர்ந்த குதிரையேற்ற வீராங்கனையான அவர், 1944-இல் 23 வயதில், கருவுற்றிருந்த காலத்தில், இளம்பிள்ளை வாத நோய்க்கு ஆளானார். குழந்தை நலமாகப் பிறந்தது. ஆனால் அவருடைய முழங்கால்களுக்குக் கீழே இயக்கம் திரும்பவில்லை. படிப்படியாகப் பயிற்சி செய்து மீண்டும் குதிரை ஏறினார். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் பிறர் உதவி வேண்டியிருந்தது.

குதிரையை நுணுக்கமாக நடத்திக் காட்டும் ஒலிம்பிக் போட்டியில், 1952 வரை படை அலுவலரான ஆண்களுக்கு மட்டுமே இடம் இருந்தது. அவ்வாண்டு ஹெல்சிங்கியில் பெண்களும் அனுமதிக்கப்பட்டபோது, ஆண்களோடு போட்டியிட்டு 'ஜூபிலி' என்னும் குதிரையின் மீது லிஸ் ஹார்ட்டெல் வெள்ளிப் பதக்கம் வென்றார். தங்கம் வென்ற சுவீடன் நாட்டு ஹென்றி செயின்ட் சிர், அவர் பதக்க மேடையில் ஏறுவதற்குத் துணை நின்றார். 1956-இல் ஹார்ட்டெல் மீண்டும் வெள்ளி வென்றார். கால்களால் குதிரைக்குக் கட்டளை இட இயலாத நிலையில், தம் உடலின் எடையைச் சற்றே மாற்றுவதன் வழியாகவும் முதுகின் அசைவாலும் அவர் குதிரையோடு பேசினார். உடல் ஊனமுற்றோர் குதிரையேற்றம் உலகெங்கும் பரவ அவர் எடுத்துக்காட்டு தூண்டுகோலாயிற்று. 1996 முதல் பாராலிம்பிக் போட்டிகளிலும் குதிரையேற்றம் இடம்பெற்று வருகிறது.

குதிரைவழிச் சிகிச்சை

இச்செய்திகளைப் படிக்கும் பெற்றோர் சிலர், 'எங்கள் குழந்தைக்கும் குதிரை உதவுமா?' என வினவக்கூடும். குதிரை நடக்கும்போது அதன் முதுகு முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் சீராக அசைகிறது. அவ்வசைவு, மனிதன் நடக்கும்போது இடுப்பெலும்பு அசைவதை ஒத்தது. எனவே மூளைவாதம் போன்ற நிலைகளில் உள்ள குழந்தைகளுக்கு, உடல் நிலைப்பாட்டையும் சமநிலையையும் வளர்க்கும் துணைப் பயிற்சியாகச் சில நாடுகளில் இயன்முறை மருத்துவர்கள் இதனைப் பயன்படுத்துகின்றனர்.

இது நோயை நீக்கும் மருந்தன்று. எல்லாக் குழந்தைகளுக்கும் ஏற்றதும் அன்று. இடுப்பு மூட்டு விலகியிருப்போர், முதுகெலும்பு உறுதியற்றோர், கட்டுக்குள் வராத வலிப்பு உடையோர், இரத்தம் எளிதில் கசியும் நிலையில் உள்ளோர் ஆகியோருக்கு இது தீங்கு விளைவிக்கலாம். நோய் எதிர்ப்பாற்றல் குறைந்துள்ள காலத்தில் விலங்குகளின் அண்மையையும் தவிர்க்க வேண்டியிருக்கும். எனவே பயிற்சி பெற்ற மருத்துவப் பணியாளர் இல்லாத இடங்களில், கடற்கரைக் குதிரைச் சவாரியைச் சிகிச்சையாக எண்ணிக் குழந்தையை ஏற்றிவிட வேண்டாம். உங்கள் மருத்துவரிடமும் இயன்முறை மருத்துவரிடமும் முதலில் கலந்து பேசுங்கள்.

கதை சொல்வோர்க்குச் சில குறிப்புகள்

'நேஷனல் வெல்வெட்' நூலின் ஆங்கில நடை செறிவானது. வட்டார வழக்கும் மிகுந்தது. ஆங்கிலம் பயிலும் குழந்தைக்கு அப்படியே படித்துக் காட்டுவது களைப்பைத் தரலாம். பெற்றோர் முதலில் படித்துவிட்டு, தம் சொந்தத் தமிழில், நாளுக்குச் சிறிதளவாகச் சொல்வதே சிறந்தது. நூல் கிடைக்காவிடினும் மேலே தந்துள்ள கதைச் சுருக்கத்தை வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கலாம்.

ஒரே அமர்வில் கால்மணி நேரத்துக்கு மேல் சொல்ல வேண்டாம். குழந்தை களைத்திருந்தால் ஐந்து நிமிடமே போதும். சுவையான இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் காலை விழிக்கும்போது எதிர்பார்ப்பதற்கு ஒன்று இருக்கட்டும். வலி தரும் சிகிச்சைக்கு முன்னர், குதிரை சுவரைத் தாண்டும் இடம் போன்று குழந்தை ஏற்கெனவே விரும்பிய ஒரு பகுதியை மீண்டும் சொல்லலாம். புதிய பகுதியை அத்தகைய வேளையில் தொடங்க வேண்டாம். அப்பகுதி பின்னர் வலியோடு சேர்ந்தே நினைவுக்கு வரக்கூடும்.

கவனமாகக் கடக்க வேண்டிய இடம் ஒன்று நூலில் உண்டு. தம் குதிரைகளை வெல்வெட்டுக்கு எழுதி வைக்கும் முதியவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்கிறார். சிறு குழந்தைகளுக்கு 'அவர் வயது முதிர்ந்தவர், இறந்துவிட்டார்' என்ற அளவில் சொன்னால் போதும். வளர்ந்த பிள்ளைகள் தாமே படித்து அவ்விடத்துக்கு வந்து கேட்டால், பேச்சை மாற்றாமல் அமைதியாகப் பேசுங்கள். அவர்கள் மனத்தில் அத்தகைய எண்ணம் உண்டோ என ஐயம் எழுந்தால் உடனே எங்களிடம் தெரிவியுங்கள்.

1944-இல் இக்கதை திரைப்படமாக வந்தது. வெல்வெட்டாக நடித்தவர் அப்போது சிறுமியாக இருந்த எலிசபெத் டெய்லர். தாயாக நடித்த ஆன் ரிவியர் துணை நடிகைக்கான ஆஸ்கர் விருதைப் பெற்றார். படத்தில் வரும் வெல்வெட் அழகும் பொலிவும் மிக்கவள். நூலில் வரும் வெல்வெட்டோ மெலிந்தவள். படம் பார்த்த குழந்தைக்கு இவ்வேறுபாட்டைச் சொல்லுங்கள். தம்மைக் கண்ணாடியில் பார்க்க விரும்பாத பிள்ளைகளுக்கு நூலின் வெல்வெட் நல்ல துணை.

கதையை முடித்ததும் 'இதிலிருந்து என்ன கற்றாய்?' என்று கேட்காதீர்கள். பள்ளியையும் பாடத்தையும் விட்டுச் சற்று விலகியிருக்கும் வேளை இது. 'உனக்கு ஒரு குதிரை இருந்தால் என்ன பெயர் வைப்பாய்?' என்று கேளுங்கள். குழந்தை விரும்பினால் தாளும் வண்ணப் பென்சிலும் குழந்தைகள் பிரிவில் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம். குதிரையை வரைந்து வெட்டி, பெயர் எழுதி, படுக்கையின் தலைமாட்டில் ஒட்டி வைக்கலாம். காலையில் நோயாளரைப் பார்க்க வரும்போது, குழந்தையின் நலத்தோடு அக்குதிரையின் நலத்தையும் நாங்கள் விசாரிப்போம்.